முறைப்பாடு காட்டிக்கொடுப்பு அல்ல
நோர்வேயின் குறைகேள் அதிகாரி பற்றிச் சில குறிப்புகள்

ஊரில் பல்கலைக்கழகமொன்றில் பொது நிர்வாகம் கற்பித்த காலத்தில், 'ஒம்புட்ஸ்மன்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் ஒரு விரிவுரை செய்து வந்தேன். மஞ்சளாகிப்போன ஒரு குறிப்புக் கொப்பி. சுவீடன், 1809 என்று தொடங்கி, இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156ஆவது உறுப்புரையில் அது முடியும். பரீட்சையில் ஒரு கேள்வி வரும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அவர்கள் எழுதினார்கள், நான் புள்ளி போட்டேன். அந்தப் பதினொரு வருடங்களில், அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. எழுதலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை.

இப்போது நான் வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பட்டியில் வந்துகொண்டிருக்கும் சல்மன் மீனில் முள் எடுக்கும் வேலை. விரிவுரை செய்த விடயத்தை ஒரு முறைப்பாட்டாளனாக அனுபவித்தது இங்கேதான். பாடத்தில் இல்லாதவை பலவற்றை அந்த அனுபவம் சொல்லித் தந்தது. நண்பர்களோடு இதுபற்றிக் கதைத்தபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஒன்று: "மாஸ்டர், இதெல்லாம் முதலாளித்துவ அரசு தன்ரை முகத்துக்குப் பூசுற பவுடர்." மற்றது: "அரசாங்கத்துக்கு எதிராக எழுதி ஏன் வீண் வில்லங்கம்?" முதலாவது எமது புத்திஜீவிகளின் பதில். இரண்டாவது எமது சனங்களின் பதில். இரண்டுக்கும் இடையில் நின்றுகொண்டு இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1. ஓர் அகதி அரசனின் கட்டளை

'ஒம்புட்' என்பது பழைய நோர்டிக் மொழிச் சொல். இன்னொருவரின் சார்பில் பேசுவதற்கு ஆணை பெற்றவர் என்பது அதன் பொருள். இதன் வரலாற்றில் எங்களைப் போன்றவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. சுவீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்ல்ஸ், 1709இல் பொல்டாவாவில் ரஷ்யரிடம் தோற்று, ஒட்டோமான் பேரரசில் தஞ்சம் புகுந்தான். நாட்டுக்குத் திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தவன், தான் இல்லாத நேரத்தில் தன் உத்தியோகத்தர்கள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதற்கென 1713இல் ஒரு பதவியை ஏற்படுத்தினான். இன்று நாம் பேசுகிற நிறுவனத்தின் மூதாதை, ஒரு வகையில், புகலிடத்தில் இருந்தவனின் சந்தேகத்திலே பிறந்தது.

ஆனால் அது அரசனின் கண். மக்களின் வாய் அல்ல. 1809இல் சுவீடன் தனது புதிய அரசியலமைப்பில், அரசனுக்கல்ல பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான ஒரு குறைகேள் அதிகாரியை ஏற்படுத்தியது. மனேர்ஹெய்ம் என்பவர் 1810இல் முதலாவதாகத் தெரிவானார். பின்லாந்தில் 1920இலும் டென்மார்க்கில் 1955இலும் இப்பதவி வந்தது. 1962இல் நியூசிலாந்தும் 1967இல் பிரித்தானியாவும் ஏற்றுக்கொண்டன. நோர்வேயில் சட்டம் 1962இல் இயற்றப்பட்டு, 1963இன் தொடக்கத்தில் அலுவலகம் திறக்கப்பட்டது. நீண்டகாலம் 'சிவில்ஒம்புட்ஸ்மன்' என்று இருந்த பெயர், 2021 யூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆண்பால் விகுதி நீங்கி 'சிவில்ஒம்புட்' ஆகியது.

இந்தத் திகதிகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான் இது வேகமாகப் பரவியது. காரணம், அரசு மாறிவிட்டது. முன்பு அரசு என்றால் வரி, படை, பொலிஸ். நலன்புரி அரசு வந்த பின்னர் பிள்ளைப்பராமரிப்பு, வீடு, ஓய்வூதியம், முதியோர் கவனிப்பு எல்லாவற்றிலும் ஓர் உத்தியோகத்தரின் தீர்மானம் இருக்கிறது. கொடுக்கும் கைக்கு மறுக்கும் அதிகாரமும் உண்டு. ஒவ்வொரு மறுப்புக்கும் நீதிமன்றம் போக எவரிடமும் பணம் இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பதவி நிற்கிறது.

2. என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது

நோர்வேயின் அரசியலமைப்பு, பொது நிர்வாகத்தினால் தனி மனிதர் எவருக்கும் அநீதி நிகழாதிருக்க முயல்வதே இவரின் கடமை என்கிறது. பாராளுமன்றம் நான்கு வருடங்களுக்கு ஒருமுறை இவரைத் தெரிவுசெய்யும். பாராளுமன்ற உறுப்பினராக இருப்பவர் இப்பதவியை வகிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பார். ஆனால் எந்த வழக்கை எப்படிப் பார்ப்பது என்று பாராளுமன்றமும் அவருக்குக் கட்டளையிட முடியாது.

முறைப்பாடு செய்வதற்குக் காசு இல்லை. சட்டத்தரணி தேவையில்லை. எழுத்தில் இருக்கவேண்டும். சம்பவம் நடந்து அல்லது தீர்மானம் வந்து ஒரு வருடத்துக்குள் அனுப்பவேண்டும். பிரசையாக இருக்கவேண்டும் என்றில்லை. சிறையில் இருப்பவரும் மூடிய உறையில் எழுதலாம்.

நிபந்தனைகளில் முக்கியமானது வரிசை. முதலில் உரிய இடத்தில் மேன்முறையீடு செய்து முடிக்கவேண்டும். நகரசபை, இங்குள்ள தமிழர் சொல்வதுபோல் 'கொம்யூன்', உங்கள் விண்ணப்பத்தை மறுத்தால், மேன்முறையீட்டை அதே கொம்யூனுக்குத்தான் அனுப்பவேண்டும். அது தன் முடிவை மாற்றாவிட்டால் மேலதிகார பீடத்துக்கு அனுப்பிவைக்கும். சுகாதார, பராமரிப்பு விடயங்களில் அது மாநில ஆளுநர் அலுவலகம். அங்கும் சரிவராவிட்டால்தான் ஒம்புட். இதற்கு ஒரு விதிவிலக்கு: பதிலே வராமல் இருப்பது. மௌனத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்ய இடமில்லை. ஆகவே தாமதத்தையும் பதிலின்மையையும் பற்றி, வழக்கு முடியுமுன்னரே நேராக எழுதலாம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் முதலில் வாசலில் ஒரு சோதனை. இது எங்கள் அதிகாரத்துக்குள் வருமா? நீதிமன்றத் தீர்ப்புகள், பாராளுமன்றத்தின் முடிவுகள், அரசன் தலைமையிலான அமைச்சரவையின் தீர்மானங்கள், இரு தனியாருக்கிடையிலான பிணக்குகள் ஆகியவை வரமாட்டா. காலம் தவறியதா? மேன்முறையீடு முடிந்ததா? கணிசமான கடிதங்கள் இந்த வாசலிலேயே திரும்பிவிடும்.

உள்ளே போனவற்றில், தாமதம் பற்றியவை பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும். ஒம்புட் அலுவலகத்தில் இருந்து ஒரு சட்ட அலுவலர் எடுத்து, "இந்தக் கோப்பு எங்கே நிற்கிறது?" என்று கேட்பார். பாரமான வழக்கென்றால், அந்த அலுவலகத்தின் ஆவணங்கள் முழுவதும் வரவழைக்கப்படும். கேள்விகள் எழுத்தில் போகும், பதில் எழுத்தில் வரும், முறைப்பாட்டாளருக்குப் பிரதி கிடைத்து அவரும் தன் கருத்தைச் சொல்லலாம். இறுதியில் ஒரு கருத்துரை எழுதப்படும். சட்டம் தவறாக விளங்கப்பட்டது, காரணம் போதாது, நடைமுறை பிழை என்று கண்டித்து, மீண்டும் பரிசீலிக்கும்படி கேட்கலாம். பெயர்கள் நீக்கப்பட்டு அவை வெளியிடப்படும்.

இனி முடியாதது. தீர்மானத்தை மாற்றவோ, இரத்துச்செய்யவோ, எவரையும் தண்டிக்கவோ அவரால் முடியாது. உத்தியோகத்தரின் தற்றுணிபுக்கு விடப்பட்ட விடயத்தில், முடிவு தெளிவாகவே நியாயமற்றது என்றால் மட்டுமே அவர் கண்டிக்கலாம். 'நானாக இருந்தால் வேறுவிதமாக முடிவெடுத்திருப்பேன்' என்பது போதாது. ஆக, அவரிடம் இருப்பது சொல் மட்டுமே. நோர்வேயில் அந்தச் சொல்லை அலுவலகங்கள் வழமையாகக் கேட்டு நடக்கின்றன. கேட்டே ஆகவேண்டும் என்பதில்லை.

முறைப்பாட்டுக்குக் காத்திராமல் தானாகவே விசாரிக்கும் அதிகாரமும் உண்டு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் விருப்புநெறியை நோர்வே 2013இல் ஏற்றுக்கொண்ட பின்னர், சிறைகள், பொலிஸ் தடுப்பறைகள், மனநல விடுதிகள் முதலியவற்றுக்குச் சென்று பார்வையிடும் பொறுப்பும் இவரிடம் வந்தது. விமான நிலையத்துக்கு அண்மையில் உள்ள திரண்டும் தடுப்பு முகாமை, அதாவது நாடுகடத்தப்பட இருப்பவர்களை வைத்திருக்கும் இடத்தை, 2015இல் பார்வையிட்டுக் கடுமையான விமர்சனங்களை முன்வைத்தார்கள். 2019இல் சிறைகளில் தனிமைப்படுத்தல் பற்றி பாராளுமன்றத்துக்கு ஒரு விசேட அறிக்கையே போனது. 'முகத்துக்குப் பவுடர்' என்று சொல்லும் நண்பர் இவற்றை ஒருமுறை வாசிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

3. அம்மாவின் இரண்டு நாட்கள்

இனி என் கதை. கொம்யூனின் பெயர் தேவையில்லை. எங்கும் நடக்கக்கூடியது.

அம்மாவுக்கு மறதி நோய். பகலில் எங்களையும் இரவில் தன்னையும் மறந்துவிடுவார். என் மனைவி துப்புரவு வேலை. நான் அதிகாலை ஐந்தரைக்குப் போய்விடுவேன். மகள் படிப்பு. வீட்டில் வசிக்கும் மறதி நோயாளருக்குப் பகல்நேரச் செயற்பாட்டு நிலையம் வழங்குவது 2020 தொடக்கம் கொம்யூன்களின் சட்டக் கடமை. 2022 பெப்ரவரியில் வாரத்துக்கு மூன்று நாட்கள் கேட்டு விண்ணப்பித்தேன். ஏப்ரலில் பதில். இரண்டு வசனங்கள்: அவர் குடும்பத்தோடு வாழ்கிறார், தற்போது இடவசதி இல்லை.

'குடும்பத்தோடு வாழ்கிறார்' என்ற வசனத்தைப் பலமுறை வாசித்தேன். இவர்கள் குடும்பம் பெரிது, தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அதில் இருந்ததோ இல்லையோ, நான் அப்படித்தான் வாசித்தேன். அதில் எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. ஊரில் என்றால் அம்மாவை அனுப்ப இடம் தேடியிருப்பேனா என்ற வெட்கம்.

இந்த விடயங்களில் மேன்முறையீட்டுக்கு நான்கு கிழமை அவகாசம். மே மாதம் எழுதினேன். பிறகு மௌனம். நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்குள் முடிவு தர முடியாவிட்டால், ஏன் தாமதம், எப்போது முடிவு வரும் என்று ஓர் இடைக்காலப் பதில் தரவேண்டும். வரவில்லை. ஓகஸ்டில் தொலைபேசி எடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். நவம்பரிலும் அதே பதில். இதற்கிடையில் அம்மா ஒருமுறை செருப்பில்லாமல் பனிக்குள் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவி கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

2023 ஜனவரியில் ஒம்புட்டுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். மனித மாண்பு, நலன்புரி அரசின் நெருக்கடி, அகதியின் இரட்டைச் சுமை எல்லாம் இருந்தன. வாசித்துப்பார்த்த மகள், "அப்பா, இது கட்டுரை. முறைப்பாடு எங்கை?" என்றாள். பதினொரு வருடம் பொது நிர்வாகம் கற்பித்தவனுக்கு அவள் ஐந்து நிமிடத்தில் பாடம் எடுத்தாள். எந்த அலுவலகம்? எந்தத் திகதியில் என்ன கேட்டீர்கள்? என்ன பதில் வந்தது, எது வரவில்லை? என்ன செய்யும்படி கேட்கிறீர்கள்? கடிதம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. விண்ணப்பம், மறுப்பு, மேன்முறையீடு மூன்றின் பிரதிகளையும் இணைத்தோம். தொலைபேசி எடுத்த திகதிகளை மகள் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தாள். அதுதான் கடைசியில் பெறுமதியான சாட்சியமாக இருந்தது.

மூன்று கிழமையில் பதில் வந்தது. கொம்யூனோடு தொடர்புகொண்டோம், மேன்முறையீடு பற்றி இன்ன திகதிக்கு முன்னர் உங்களுக்கு அறிவிப்பதாகச் சொன்னார்கள், அப்படி நடக்காவிட்டால் எங்களுக்கு மீண்டும் எழுதுங்கள், இத்துடன் இந்த வழக்கை முடிக்கிறோம். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றம். 'மறுப்புப் பிழை' என்று ஒரு சொல் இல்லையே! பிறகுதான் என் சொந்த விரிவுரைக் குறிப்பு நினைவுக்கு வந்தது. ஆளுநர் அலுவலகம் இன்னும் பார்க்கவே இல்லாத ஒன்றைப் பற்றி ஒம்புட் தீர்ப்புச் சொல்ல மாட்டார். நான் முறையிட்டது மௌனத்தைப் பற்றி. மௌனம் கலைக்கப்பட்டது.

சொன்ன திகதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொம்யூனின் கடிதம் வந்தது. தாமதத்துக்கு மன்னிப்பு. கோப்பு ஆளுநர் அலுவலகத்துக்குப் போனது. ஏப்ரலில் அவர்கள் மறுப்பை இரத்துச்செய்தார்கள். இடவசதி இல்லை என்பது மட்டும் காரணமாகாது, அம்மாவின் தேவை தனியாக மதிப்பிடப்படவில்லை, மீண்டும் பரிசீலிக்கவும் என்றார்கள். யூனில் புதிய தீர்மானம்: கேட்டது மூன்று நாட்கள், கிடைத்தது இரண்டு.

ஓகஸ்ட் தொடக்கம் அம்மா போனார். உருளைக்கிழங்கு தோல் உரிப்பதில் ஒரு கதிரை அவருக்கென்று ஆகிவிட்டது. ஒரு பணியாளப் பெண் 'தண்ணி', 'சாப்பாடு', 'வலி' என்ற மூன்று சொற்களை என்னிடம் கேட்டுத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். டிசம்பரில் அம்மா காலமானார். இரண்டு நாள் வீதம் நான்கு மாதம். மேசையில் கிடந்த கோப்பின் ஒன்பது மாதங்களை எவரும் எமக்குத் திருப்பித் தரவில்லை. தரவும் முடியாது. ஆனால் அந்த ஒன்பது மாதம் பிழை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. ஊரில் எங்களுக்கு நடந்த எதற்கும் அப்படியொரு கடிதம் என்னிடம் இல்லை.

4. சொல் தோற்கும் இடங்கள்

இதை வெற்றிக் கதையாக எழுதினால் அது பொய். இரண்டு உதாரணங்கள்.

நெதர்லாந்தில் பிள்ளைப்பராமரிப்பு உதவிப்பணத்தில் மோசடி என்ற சந்தேகத்தின்பேரில் பெற்றோரின் கொடுப்பனவுகள் நிறுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கான யூரோக்களைத் திருப்பிக் கட்டும்படி கேட்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்கள் பெருமளவில் இருந்தனர். இரட்டைக் குடியுரிமைகூட சந்தேகத்துக்கு ஓர் அளவுகோலாக இருந்தது. அந்நாட்டின் தேசிய ஒம்புட்ஸ்மன் 2017 ஓகஸ்டிலேயே 232 குடும்பங்களின் விடயத்தில் வரித்திணைக்களம் அளவுக்கு மீறிக் கடுமையாக நடந்துகொண்டது என்று அறிக்கை வெளியிட்டு, நட்டஈடு கேட்டார். சொல் சொல்லப்பட்டது, கேட்கப்படவில்லை. 2021 ஜனவரியில் அந்த விவகாரத்தில் முழு அமைச்சரவையுமே பதவி விலகும்வரை, பாதிக்கப்பட்டோர் தொகை ஆயிரக்கணக்காக வளர்ந்திருந்தது. அறிக்கை வீணா என்றால், இல்லை. பின்னர் பத்திரிகையாளரும் பாராளுமன்ற உறுப்பினர்களும் தோண்டியபோது அது கையில் இருந்தது. ஆனால் தனித்து நின்றபோது அதற்குப் பலம் இருக்கவில்லை.

நோர்வேயிலேயே 2019 ஒக்டோபரில் வெளிவந்த விவகாரம் இன்னும் கசப்பானது. நலக்கொடுப்பனவு பெறுபவர்கள் மற்ற ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச நாடுகளுக்குச் சென்று தங்குவது பற்றிய விதி ஆண்டுக்கணக்கில் தவறாக விளங்கப்பட்டு, பலர் குற்றவாளிகளாக்கப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்பட்டனர். 2020இல் வந்த விசாரணைக்குழு அறிக்கை, நிர்வாகம், நீதிமன்றங்கள், வழக்குத்தொடுநர்கள், சட்டத்தரணிகள், பல்கலைக்கழகச் சட்ட அறிஞர்கள் என்று எல்லோருமே அதைக் காணத் தவறியதைச் சுட்டிக்காட்டியது. குறைகேள் அதிகாரி இருக்கிற நாட்டில்தான் இதுவும் நடந்தது. பிழை என்று எவருக்குமே தெரியாத பிழையைப் பற்றி எவரும் முறைப்பாடு எழுதுவதில்லை.

ஆகவே முதலாவது நண்பரின் விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஒம்புட் சட்டத்தை மாற்றுவதில்லை. அநீதியான சட்டம் நீதியான நடைமுறையில் செயற்படுத்தப்பட்டால் அவர் சொல்வதற்கு அதிகம் இல்லை. நிர்வாகத்துக்கு வெட்கம் என்ற உணர்வு இருக்கும்வரையில்தான் அவருடைய சொல்லுக்கு வலு. இலங்கையில் 156ஆவது உறுப்புரை இருந்தது, 1981இல் சட்டமும் வந்தது. ஆரம்பத்தில் பாராளுமன்ற மனுக்குழுவின் ஊடாகத்தான் போகலாம். 1994இன் திருத்தத்தோடு மக்கள் நேராகவே எழுதலாம் என்றானது. ஆனால் அவ்வாண்டுகளில் எங்கள் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு, அரசுக்கு வெட்கம் வரும் என்ற நம்பிக்கையே இருக்கவில்லை. நிறுவனத்தைப் பிரதிபண்ணலாம், வெட்கத்தைப் பிரதிபண்ண முடியாது.

5. எங்கள் பக்கம்

இரண்டாவது நண்பரின் பதிலே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'ஏன் வீண் வில்லங்கம்?' இந்தப் பயம் நோர்வேயில் பிறந்ததல்ல. எழுதினால் பெயர் பதியப்படும், பதியப்பட்டால் ஆள் வரும் என்பது நாங்கள் அனுபவத்தால் கற்றது. அரசிடம் மட்டும் கற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் இயக்கங்களில் கேள்வி கேட்டவன் துரோகி ஆனான். முறைப்பாடும் காட்டிக்கொடுப்பும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள்போல ஆகிவிட்டன. அந்த அகராதியையும் சூட்கேசில் வைத்துக்கொண்டுதான் இங்கே வந்து இறங்கினோம்.

இன்று எங்கள் கோயில் நிர்வாகங்களை, தமிழ்ப் பாடசாலைகளை, சங்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் தன் பிள்ளை வகுப்பில் அவமானப்பட்டதைச் சொல்ல எங்கே போவார்? கணக்குக் கேட்பவர் எந்த வாசலைத் தட்டுவார்? தலைவரைப் பற்றித் தலைவரிடமே சொல்லவேண்டும். சுவீடன்காரர் 1809இல் விளங்கிக்கொண்ட ஒன்று, அதாவது அரசனைப் பற்றிய குறையை அரசனின் ஆளிடம் சொல்வதில் பயனில்லை என்பது, எங்கள் யாப்புகளில் இன்னும் ஏறவில்லை. நிர்வாகத்தில் பதவி வகிக்காத, பொதுச்சபையால் தெரிவான ஒருவர், ஆவணங்களைப் பார்க்கும் உரிமையுடன், வருடம் ஒருமுறை பொதுச்சபையில் எழுத்தில் அறிக்கை தரட்டும். தண்டிக்கும் அதிகாரம் வேண்டாம். சொல் போதும். வெட்கம் எங்களிடம் மிஞ்சியிருக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இன்னுமொன்று உடனே செய்யலாம். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குள் நிறையப்பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மண்டபத்தின் மூலையில் ஒரு மேசை. மறுப்புக் கடிதத்தோடு வருபவருக்கு, அது எந்தத் திகதியில் வந்தது, மேன்முறையீட்டு அவகாசம் எப்போது முடிகிறது, யாருக்கு எழுதவேண்டும் என்று விளங்கப்படுத்தி ஒரு பக்கம் எழுதிக்கொடுப்பது. எங்கள் ஊரில் நானும் மகளும் இப்படித் தொடங்கியிருக்கிறோம். முதல் மாதம் எவரும் வரவில்லை. இரண்டாம் மாதம் ஒருவர் வந்து, "சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்" என்று சொல்லிக்கொண்டு, போகும்போது சட்டைப்பையில் இருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். மேன்முறையீட்டு அவகாசம் முடிய மூன்று நாள் இருந்தது.

என் கருத்தோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அடுத்த இதழில் எழுதட்டும்.